தோற்றாலும் நம்மவர்

வென்றவனுக்கு உறவினர் பலர். தோற்றவனுக்கு அவன் நிழலே துணை. உலக வழக்கம் இதுவே என்று நாம் நெடுங்காலமாக எண்ணியிருந்தோம். இவ்வழக்கத்துக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் மனிதர் ஈராயிரம் பேரை ஒரே இடத்தில் ஒரே மாலையிற் காணும் வாய்ப்பு, 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் நமக்குக் கிட்டியது. அவ்வனுபவத்தையே இவ்வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் சகோதரியின் குடும்பம் தென் லண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் வசிக்கின்றது. பெயரைக் கேட்டு நகைக்க வேண்டாம். ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் அது. தமிழ் எழுத்தில் எழுதும்போது அதற்கு ஒரு பொருளும் வந்து சேர்ந்துவிடுகின்றது. அயலிலுள்ள டூட்டிங் கடைத்தெருவில் முருங்கைக்காயும் வாங்கலாம், ஒடியல் மாவும் வாங்கலாம். டூட்டிங்கின் பெயரை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் இன்று அரிதல்லவா?

அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை காலை, மருமகன் இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த கம்பளிச் சால்வை ஒன்றைக் கழுத்திற் சுற்றிக்கொண்டு நம் முன் வந்து நின்றான். அவனுக்கு வயது பதினெட்டு.

"மாமா, உதைபந்தாட்டம் பார்க்க வருகின்றீர்களா?"

ஆர்சனல், செல்சி முதலிய பெரும் பெயர்கள் நம் நினைவில் ஓடின. உலகப் புகழ்பெற்ற வீரரை நேரிற் காணப்போகின்றோம் என்ற மகிழ்ச்சியில் உடனே தலையசைத்தோம். அவன் சிரித்தான்.

"ஆர்சனல் அல்ல, மாமா. எங்கள் டலிச் ஹம்லெற்."

சமையலறையிலிருந்து சகோதரியின் குரல் வந்தது. "வெல்லுகின்ற கோஷ்டி ஒன்றைப் பிடித்திருக்கக் கூடாதா? போன கிழமையும் மழையில் நனைந்து, தோற்றுத்தானே வந்தான்!"

விளையாடியவனே தோற்றவன் போல அவர் கூறியது நமக்கு வேடிக்கையாக இருந்தது. மாலையில் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

பஸ்ஸும் புகையிரதமுமாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். வழியில் மருமகன் நமக்குப் பாடம் நடத்தினான். மாணவ நேயர்களின் பொருட்டு அதனைச் சுருக்கித் தருகின்றோம்.

இங்கிலாந்தின் 'உதைபந்தாட்ட லீக்' 1888ஆம் ஆண்டு 12 கழகங்களுடன் ஆரம்பமானது. இன்று முதற்படியான பிரிமியர் லீக்கில் 20 கழகங்களும், அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளில் பிரிவுக்கு 24 ஆக 72 கழகங்களும் உள்ளன. ஆக மொத்தம் 92. இத்தொண்ணூற்றிரண்டுக்கும் வெளியே உள்ள அனைத்தையும் 'நொன் லீக்' கழகங்கள் என்பர். லீக் அல்லாதவை என்று பெயரேயொழிய, அவையும் லீக்குகளிலேதான் ஆடுகின்றன. ஐந்தாம் படி, ஆறாம் படி, ஏழாம் படி எனக் கோபுரத்தின் தளங்கள் போல அவை அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கீழே இறங்க இறங்கத் தளம் அகலும், கழகங்களின் தொகை பெருகும். ஒருகாலத்தில் இவ்வெளிக் கழகங்கள் உள்ளே நுழைய வேண்டுமாயின், உள்ளே இருந்தோரின் வாக்குகளைப் பெற்றாக வேண்டும். 1987ஆம் ஆண்டிலிருந்துதான் ஐந்தாம் படியில் முதலிடம் பெறும் கழகம் தன் ஆட்டத் திறமை கொண்டே மேலேறும் வழி திறந்தது.

நாம் காணச் சென்ற கழகம் ஏழாம் படியில், இஸ்த்மியன் லீக்கின் மேற்பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. பண்டைக் கிரேக்கத்தில் கொரிந்து நகரின் அருகே நடந்த இஸ்த்மிய விளையாட்டுக்களின் பெயரைத் தாங்கி 1905இல் தோன்றிய லீக் அது. ஆரம்பத்தில் அங்கே வென்றோருக்குக் கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. 'கௌரவமே போதும்' என்பது அதன் இலத்தீன் மகுடவாக்கியம். அக்காலத்தில் அங்கு ஆடியோர் ஊதியம் பெறாதவர்கள். ஊதியம் பெறுவோர், பெறாதோர் என்ற பாகுபாட்டை இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1974இல் நீக்கிவிட்டது. இன்று இப்படியில் ஆடுவோர் சிறுதொகை பெறுகின்றனர். ஆயினும் வாரநாட்களில் வேறு தொழில் பார்ப்போரே அவர்களுட் பலர். திங்கட்கிழமை பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர், சனிக்கிழமை நம் கண்முன் பந்தைத் தலையால் முட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

கிழக்கு டல்விச் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். 'டல்விச்' என எழுதுவதனை 'டலிச்' என்றே உச்சரிக்கின்றனர். 'ஹம்லெற்' என்றால் சிற்றூர். எனவே கழகத்தின் பெயரை நம் மொழியிற் சொல்வதானால் 'டலிச் சிற்றூரார்' எனலாம். 1893இல் தோன்றிய கழகம் இது. பெயர் சிற்றூரேயாயினும் பழைய பெருமை சிறிதன்று. ஊதியம் பெறாதோருக்கான தேசியக் கிண்ணத்தை 1920, 1932, 1934, 1937 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றிருக்கின்றது. அதன் பழைய சம்பியன் ஹில் மைதானத்தில் 1933ஆம் ஆண்டு நடந்த அக்கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தைக் கண்டோர் தொகை 20,744. அதே மைதானத்தில் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கின்போது தென்கொரியா மெக்சிக்கோவை 5-3 என வென்றது. நம் நாட்டின் டங்கன் வைற் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அதே ஒலிம்பிக்கில், அதற்கு இரண்டு நாட்கள் முன்னர்தான் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

மைதானத்துக்குச் செல்லும் தெருவுக்கு எட்கர் கெய்ல் என்பவரின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். யார் இவர்? 1919 தொடக்கம் 1933 வரை இக்கழகத்துக்காக ஆடி, 400க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர். பெரிய கழகங்கள் பணப்பையுடன் வந்து அழைத்தபோதும் போகாதவர். மதுபான விற்பனையாளராகத் தொழில் பார்த்துக்கொண்டே, 1929ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் தேசிய கோஷ்டியில் மூன்று முறை ஆடினார். பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள்! பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயுள்ள நாடொன்றிடம் இங்கிலாந்து முதன்முதலாகத் தோற்றதும் அம்மாதமே. மட்ரிட் நகரில் ஸ்பெயினிடம் 3-4 எனத் தோற்ற அக்கோஷ்டியிலும் அவர் இருந்தார். 1976இல் மறைந்த அம்மனிதரின் பெயரை, அவர் ஆடக் கண்டிராத இளைஞர்கள் இன்றும் பாடுகின்றனர். நம் மருமகனும் பாடினான். அவனுக்கு இவ்வளவு உரத்த குரல் உண்டென்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

பழைய மைதானம் இன்றில்லை. அது இடிக்கப்பட்டு, 1992இல் அவ்விடத்திற் புதிய மைதானம் திறக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் மட்டுமே கூரையுடன் கூடிய பெரிய மண்டபம். மற்றைப் பக்கங்களில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு இடமுண்டு. வாயிலில் சீட்டுக் கிழித்தவர், சிறுபுத்தகம் விற்றவர், தேநீர் ஊற்றியவர் ஆகியோரைக் காட்டி, "இவர்களுள் அநேகர் சம்பளமின்றி வேலை செய்பவர்கள், மாமா" என்றான் மருமகன். குழந்தையைத் தோளிற் சுமந்த தந்தையர் நின்றனர். கைத்தடியுடன் பாட்டிமார் நின்றனர். நாயைக் கூட்டி வந்தோரும் இருந்தனர். பலர் கையில் பியர்க் கிண்ணத்துடன் ஆட்டத்துக்குக் காத்திருந்தனர். பெரிய லீக்குகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. இக்கீழ்ப்படிகளுக்கு அத்தடை இல்லை. நாம் தேநீருடன் நிறைவடைந்தோம். அக்குளிரில் அத்தேநீர் அமிர்தமாக இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. கரையோரப் பட்டணம் ஒன்றிலிருந்து வந்த கோஷ்டி எதிரணி. நம்மவர் இளஞ்சிவப்பும் கருநீலமும் அணிந்திருந்தனர். ('நம்மவர்' என்ற சொல் நம் பேனாவில் எப்பொழுது புகுந்தது என்பதை நாமே அறியோம்.) தொலைக்காட்சியிற் காணும் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவா? இங்கே பாதணி பந்தில் படும் ஓசை கேட்கின்றது. வீரர் ஒருவரையொருவர் அழைப்பது கேட்கின்றது. கோலின் பின்னே வேலியிற் சாய்ந்து நின்ற நமக்கும் எதிரணிக் கோல் காப்பாளருக்கும் இடையே பத்து அடி தூரமும் இராது. இரசிகர் அவரைக் கேலி செய்தனர். அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். அப்பதிலைக் கேட்டு இரு சாராரும் சிரித்தனர். பந்து ஒருமுறை வேலியைத் தாண்டி வந்து விழுந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அதனை உதைத்து உள்ளே அனுப்பினார். அதற்குக் கிடைத்த கரகோஷம், அதுவரை எந்த வீரனுக்கும் கிடைக்கவில்லை.

இருபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன்னர் நம்மவர் மூலை உதையொன்றிலிருந்து அதனைச் சமன் செய்தனர். அறிமுகமற்ற ஓர் ஆங்கிலேயர் நம் தோளைக் கட்டிப் பிடித்துக் குதித்தார். நாமும் குதித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

இடைவேளையில் ஒரு புதுமை கண்டோம். கோலின் பின்னே நின்ற நூற்றுக்கணக்கானோர் சால்வைகளையும் கொடிகளையும் எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடக்கத் தொடங்கினர். நம்மவர் இரண்டாம் பாதியில் எந்தக் கோலை நோக்கித் தாக்குவரோ, அதன் பின்னே நிற்க வேண்டுமாம். பெரிய மைதானங்களில் இவ்விதம் இடம் மாற இயலாது. சீட்டில் குறித்த ஆசனத்திலேயே இருத்தல் வேண்டும். நாமும் கூட்டத்துடன் நடந்தோம். அந்த நடையின்போதுதான், இச்சிறிய கழகத்தை நீ ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று மருமகனிடம் வினவினோம்.

"நான் தேடிப் போகவில்லை, மாமா. அவர்கள்தான் எங்கள் ஊருக்கு வந்தார்கள்" என்றான்.

அவன் கூறிய வரலாறு இது. 2018ஆம் ஆண்டு, கழகம் தோன்றி 125ஆவது ஆண்டு. மைதானம் இருந்த நிலமோ கட்டட நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிருந்தது. அங்கே வீடுகள் எழுப்பும் திட்டத்துக்கு அனுமதி கிட்டாமையால் தகராறு முற்றி, மார்ச் மாதத்தில் கழகம் தன் சொந்த மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அத்துடன் நின்றதா? கழகத்தின் பெயர் வர்த்தகக் குறியாகப் பதிவாகிவிட்டதென்றும், அப்பெயரை இனிக் கழகம் உபயோகிக்கலாகாதென்றும் வழக்கறிஞர் கடிதமும் வந்தது. நிலமும் இல்லை, பெயரும் இல்லை! அத்தொகுதியின் பிரதிநிதி இவ்விஷயத்தைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். இரசிகர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் சென்றனர்.

அவ்வேளையில் இடம் கொடுத்தது எது தெரியுமா? மிச்சத்துக்கு அருகேயுள்ள இம்பீரியல் பீல்ட்ஸ் மைதானம். டூட்டிங் அன்ட் மிச்சம் யுனைட்டட் கழகத்தின் இல்லம். பழைய காலந்தொட்டு டலிச் கழகத்துக்கு நேர்ப் போட்டியாளராக இருந்து வந்த அயற் கழகம் அது. போட்டியாளனின் முற்றத்தில் நின்று ஆடி ஆட்டகாலத்தை முடித்த டலிச் சிற்றூரார், அவ்வாண்டு மே மாதம் அங்கேயே நடந்த இறுதித் தேர்வாட்டத்தில் பெனல்டி உதைகளால் வென்று ஆறாம் படிக்கு ஏறினர். வீடிழந்த ஆண்டிலேயே உயர்வும் வந்தது. அவ்வாண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26ஆம் திகதி, சம்பியன் ஹில் மைதானத்தின் கதவு மீண்டும் அவர்களுக்குத் திறந்தது. மூவாயிரம் பேர் திரண்டு அவர்களை வரவேற்றனர்.

"எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா பத்திரிகையில் வாசித்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு உதைபந்தாட்டத்தில் அவ்வளவு விருப்பமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 'வீடு வாசலை விட்டு வந்திருக்கிறார்கள். எட்டிப் பார்க்காமல் இருப்பது முறையல்ல' என்றார்."

நாம் சிறிது நேரம் பேசவில்லை. அவன் தந்தை, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து கொட்டும் மழையிற் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்குச் சென்ற பல்லாயிரவருள் ஒருவர். சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒரு வீட்டார் அவருக்கு விறாந்தையில் இடம் கொடுத்தனர். மைதானத்தை இழந்ததும் ஊரை இழந்ததும் ஒன்றாகிவிடா. அவ்வாறு ஒப்பிடுவது அறியாமை. ஆயினும் இடம் கொடுத்தவரின் முற்றம் எப்படியிருக்கும் என்பதை அறிந்த மனிதர் அவர். அதனாலேதான் தமக்குப் புரியாத ஆட்டம் ஒன்றைப் பார்க்க மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சென்றிருக்கின்றார்.

மறுமுனையை அடைந்தோம். மைதான விளக்குகள் எரியத் தொடங்கின. இரண்டாம் பாதியில் நம்மவர் மூச்சுப் பிடித்து ஆடினர். பந்து ஒருமுறை கம்பத்தில் மோதித் திரும்பியது. மத்தியஸ்தர் கண்ணாடி அணிய வேண்டியதன் அவசியத்தைப் பலர் எடுத்துரைத்தனர். ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கையில் எதிரணி இரண்டாவது கோலை அடித்தது. அத்துடன் எல்லாம் முடிந்தது. 1-2.

கூட்டம் உடனே கலைந்துவிடும் என எண்ணிப் புறப்பட ஆயத்தமானோம். ஒருவரும் அசையவில்லை. தோற்ற வீரர் தலைகுனிந்து நம் பக்கம் வந்தனர். கரகோஷம் எழுந்தது, பாட்டும் எழுந்தது. ஒரு வீரன் வேலியருகே வந்து சிறுவன் ஒருவனின் தலையைத் தடவிவிட்டுச் சென்றான். பந்தை உதைத்து அனுப்பிய அம்முதியவரிடம், இன்றைய தோல்வி வருத்தமாக இல்லையா என்று கேட்டோம். வருத்தந்தான் என்றும், ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கே செல்வது என்ற கேள்வி தமக்கு இல்லை என்றும் அவர் கூறினார். 2018இல் அக்கேள்வி தமக்கு இருந்ததாகவும், அதைவிடத் தோல்வி எவ்வளவோ மேல் என்றும் சொல்லிவிட்டு, வெற்றுக் கிண்ணங்களைப் பொறுக்கத் தொடங்கினார். அவரும் சம்பளமில்லாத வேலைக்காரர்களுள் ஒருவர்!

திரும்பும் வழியெல்லாம் நாம் இதனையே சிந்தித்தோம். மைதானத்துக்குத் திரும்பியவுடன் வெற்றி மேல் வெற்றி வந்ததாக இக்கதை முடியவில்லை. 2023ஆம் ஆண்டு கழகம் ஆறாம் படியிலிருந்து மீண்டும் ஏழாம் படிக்கு இறங்கியது. இரசிகர் இறங்கவில்லை. வெற்றியைக் கண்டு வந்தவர் தோல்வியைக் கண்டு போவார். இடம் தேடி வந்தவர்களை எட்டிப் பார்க்க வந்தவரோ எப்படிப் போவார்?

இதே தென் லண்டனில் இன்னோர் உதாரணமும் உண்டு. விம்பிள்டன் கழகத்தை அதன் உரிமையாளர் வெகுதூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல 2002இல் அனுமதி கிடைத்தது. இரசிகர் அழுதுகொண்டிருக்கவில்லை. தாமே ஏ.எப்.சி. விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தை அமைத்து, அடிப்படிகளிலிருந்து ஆடத் தொடங்கி, ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், தொண்ணூற்றிரண்டு கழகங்களுள் ஒன்றாயினர். கழகம் யாருடையது என்ற கேள்விக்கு நிலப் பத்திரம் ஒரு பதிலைச் சொல்லும். சனிக்கிழமைதோறும் மழையில் நிற்பவர் வேறொரு பதிலைச் சொல்வர். ஆயினும் மழையில் நின்றால் மட்டும் போதாது என்பதையும் இவ்விரு கழகங்களும் நமக்குக் காட்டுகின்றன. நிலம் யாருடைய பெயரில் இருக்கின்றது, கணக்கு யாருடைய கையில் இருக்கின்றது என்பவற்றையும் அபிமானிகள் கேட்டறிந்திருத்தல் வேண்டும். அன்பு மட்டும் வைத்து ஆவணத்தை மறந்தோர், ஒருநாள் பூட்டிய கதவின் முன்னே நிற்க நேரும்.

வீட்டை அடைந்தபோது இரவாகிவிட்டது. சகோதரி கதவைத் திறந்து, நம் இருவர் முகத்தையும் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மைத்துனர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தி, "எத்தனைக்கு எத்தனை?" என்று வினவினார்.

"ஒன்றுக்கு இரண்டு, அப்பா."

"அடுத்த கிழமை?"

"வெளியூர் ஆட்டம்."

"அப்படியானால் நேரத்துக்கு எழும்பு" என்று கூறிவிட்டு அவர் மீண்டும் பத்திரிகையில் ஆழ்ந்தார்.

மாணவ நேயர்களே! உலகின் புகழ்மிக்க கோஷ்டிகளின் ஆட்டத்தைக் கைப்பேசியிற் கண்டு மகிழுங்கள், அதிற் குற்றமில்லை. ஆனால் அக்கோஷ்டிகளுக்கு உங்கள் கரகோஷம் கேட்பதில்லை. உங்கள் ஊரிலும் மைதானம் ஒன்று இருக்கும். பந்து மதிலைத் தாண்டி விழும்போது அதனை எடுத்து எறிய ஓர் ஆள் அங்கேயும் தேவைப்படும். அடுத்த மாலைப்பொழுதில் ஒருமுறை அங்கே சென்று பாருங்கள். நம்மவர் தோற்கக்கூடும். தோற்றாலும் நம்மவரே.